விட்டதும் விடாததும்

விழுப்புரத்துக்கு அருகே ஒரு சிற்றூர். பெயர் இங்கே அவசியமில்லை. அந்த ஊரில் ஒரு பழைய மாதா கோவில் இருக்கிறது. தடித்த சுவர், சுண்ணாம்புக் காரை, தாழ்ந்த ஓட்டுக் கூரை. வாசலுக்கு மேலே ஒரு சிறு சிலுவை. பெரிய கலைப் பொருள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் உள்ளே போனால் சித்திரை மாதத்திலும் குளுமையாக இருக்கும். ஊர் பெருகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வெளியே வேப்பமரத்தடியில் நின்று ஒலிபெருக்கியில் கேட்கிறார்கள். ஆகவே இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டுவது என்று பேச்சு எழுந்திருக்கிறது. வரைபடம்கூடத் தயார். கான்கிரீட்டில் இரண்டு கூம்புகள், கூரிய வளைவு வைத்த ஜன்னல்கள், முழுக்க வெள்ளை. "சாந்தோம் மாதிரி இருக்கும்" என்று அதை வரைந்த இளைஞர் சொன்னாராம். அந்த ஒரு வார்த்தையிலேயே ஊரில் முக்கால்வாசிப் பேர் சம்மதித்துவிட்டார்கள்.

என் நண்பர் ஒருவர் அந்தப் பங்கைச் சேர்ந்தவர். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். இடிக்கக் கூடாது என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியில் இப்போதைக்கு அவர் ஒருவர்தான். "நீங்க பத்திரிகையில எழுதறவங்க. ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க, கூட்டத்துல வாசிச்சுக் காட்டறேன்" என்றார். கேட்ட மாத்திரத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பழையதை இடிக்காதே என்று எழுதுவது சுலபம். எழுதுகிறவனுக்குச் செலவு ஒன்றுமில்லை. வேப்பமரத்தடியில் நிற்கிறவன் நானல்லவே! அந்த நினைப்பு வந்ததும் பேனாவை மூடிவிட்டேன். முதலில் பார்ப்போம், பிறகு எழுதுவோம் என்றேன்.

பார்ப்பதானால் முதலில் மண்டகப்பட்டைப் பார்க்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். அவருடைய ஊரிலிருந்து அது அதிக தூரமில்லை. போனோம்.

வயல்களுக்கு நடுவே ஒரு பாறை. அந்தப் பாறையின் முகத்தைச் செதுக்கி உள்ளே குடைந்திருக்கிறார்கள். முகப்பில் இரண்டு பருத்த தூண்கள். இரு ஓரங்களிலும் சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள். அவற்றுக்கும் அப்பால் இருபுறமும் மாடத்துக்குள் இரண்டு வாயில் காவலர்கள், ஆள் உயரத்துக்குக் குறையாத சிற்பங்கள். உள்ளே மூன்று கருவறைகள். மூன்றும் வெறுமை. கி.பி. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் செய்வித்தது. தொண்டை நாட்டில் அவன் குடைவித்த கோயில்களுள் இதுவே முதலாவது என்பது அறிஞர் பலருடைய கருத்து. அங்கே வடமொழியில் ஒரு சிறு கல்வெட்டு இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகிய நான்கும் இல்லாமல் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் இந்தக் கோயிலை விசித்திரசித்தன் எடுப்பித்தான் என்பது அதன் சாரம். விசித்திரசித்தன் என்பது மகேந்திரனுடைய பட்டப்பெயர்களில் ஒன்று. புதுமையில் நாட்டமுடைய மனம் படைத்தவன் என்று வைத்துக்கொள்ளலாம். 'மத்தவிலாசம்' என்ற கேலி நாடகத்தை எழுதியவனும் அவன்தான்.

"பாத்தீங்களா? இதுதான் நம்ம வழி. இருக்கிற கல்லை வச்சே கோயில். இங்கிலீஷ்காரன் கூம்பு நமக்கு எதுக்கு?" என்றார் நண்பர்.

எனக்கு உடனே ஆமாம் சொல்லத் தோன்றவில்லை. அந்தக் கல்வெட்டைப் பற்றி எல்லோரும் பெருமையாகப் பேசுகிறோம். அதிலே ஒரு செய்தி ஒளிந்திருப்பதை அதிகமாகக் கவனிப்பதில்லை. நான்கும் இல்லாமல் செய்தேன் என்று ஒருவன் சொல்ல வேண்டுமானால், அதுவரை எல்லோரும் அந்த நான்கையும் கொண்டுதான் செய்துவந்தார்கள் என்று அர்த்தம். அப்படியானால் மகேந்திரன் செய்தது 'நம்ம வழி' அல்ல. நம்ம வழியை விட்டுவிட்டுச் செய்த காரியம் அது. அன்றைக்கு விழுப்புரம் பக்கத்தில் ஒரு தமிழாசிரியர் இருந்திருந்தால், "செங்கல்லும் மரமும் நம் முன்னோர் வழி; இந்தப் பாறைக் கூத்து எதற்கு?" என்று கேட்டிருப்பார்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பாறையைக் குடைகிறவனுக்குத் தூண் அவ்வளவு அவசியமா? மேலே இருப்பது முழுப் பாறை. இத்தனை பருமன் இல்லாமலே அது நின்றிருக்கும். ஆனாலும் தூண் இருக்கிறது. கீழே சதுரம், நடுவே எண்பட்டை, மேலே மறுபடி சதுரம். சதுரக் கட்டையின் முனைகளைச் சீவிவிடுவது தச்சன் செய்கிற காரியம் என்றுதான் எனக்குப் படுகிறது. மரம் இல்லாமல் செய்தேன் என்று எழுதிய அதே முகப்பில் மரத்தின் ஞாபகம் நிற்கிறது. மகேந்திரன் பொருளை விட்டான். வடிவத்தின் நினைவை விடவில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கட்டடக் கலையில் கடன் வாங்காதவன் கிடையாது என்பதற்காகச் சொல்கிறேன். கடன் வாங்கியதா என்று கேட்பது விமர்சனம் ஆகாது. வாங்கியதை வைத்து என்ன செய்தான் என்று கேட்பதுதான் விமர்சனம்.

இந்தக் கேள்வியோடு சாந்தோமுக்குப் போனேன். ஊரார் எதைப் போலக் கட்டப் போகிறார்களோ அதைப் பார்க்காமல் எப்படி எழுதுவது? நண்பரும் உடன் வந்தார்.

மயிலாப்பூரின் கடற்கரை ஓரம் அது. ஏசுநாதரின் சீடர்களில் ஒருவரான தோமையார் கி.பி. 72-இல் கொல்லப்பட்டு இங்கே அடக்கமானார் என்பது மரபு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இந்தக் கல்லறைக்கு யாத்திரை வருவதாகச் சொல்கிறார். பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இதன் மேல் ஒரு கோவில் கட்டினார்கள். 1606-இல் மயிலாப்பூர் ஒரு தனி மறைமாவட்டமாக, அந்தக் கோவில் ஆயரின் கோவிலாயிற்று. இன்று நாம் பார்ப்பது அதுவல்ல. 1893-இல் ஆயர் ஹென்ரிக் ஜோசே ரீட் டா சில்வா காலத்தில் பழைய கோவிலை நீக்கிவிட்டுப் புதிதாகக் கட்டத் தொடங்கினார்கள். வரைந்து கொடுத்தவர் கேப்டன் பவர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1896 ஏப்ரல் முதல் தேதி அபிஷேகம் நடந்தது. விக்டோரியா மகாராணியின் ஆட்சியில், ஆங்கிலேயர் நகரத்தில், போர்ச்சுகல் ஆதரவில் இருந்த மறைமாவட்டத்துக்காக, பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பிரான்சில் பிறந்த பாணியில் கட்டிய தமிழ்நாட்டுக் கோவில் இது. ஒரே கட்டடத்தில் இத்தனை தேசங்கள்!

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து பார்க்கிறபோது இந்தக் கட்டடம் என்னை முழுதாகக் கவரவில்லை. கோதிக் பாணி வெளிச்சம் குறைந்த நாட்டில் பிறந்தது. சூரியன் எப்போதாவது தலைகாட்டுகிற ஊரில், சுவரைக் குறைத்து ஜன்னலைப் பெருக்கி, கிடைக்கிற கொஞ்சம் ஒளியையும் வண்ணக் கண்ணாடி வழியே உள்ளே சேர்த்துக்கொள்ளச் செய்த யுக்தி அது. சரிந்த கூரை பனி வழிந்து போவதற்கு. சென்னையில் ஒளிக்கு என்ன பஞ்சம்? இங்கே வேண்டியது நிழல். பகல் பன்னிரண்டு மணிக்கு சாந்தோம் நெடுஞ்சாலையில் நின்று அந்த வெள்ளைக் கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள், கண் கூசும். 155 அடி உயரம் என்கிறார்கள். உயரம் தெரிகிறது, உருவம் தெரிவதில்லை. கோதிக் கட்டடத்தின் நுணுக்கமெல்லாம் சாம்பல் நிறக் கல்லில், மங்கிய வானத்தின் கீழ் நிழல் விழுந்து தெரிய வேண்டியவை. வெள்ளைப் பூச்சில் அவை வெயிலில் கரைந்துபோகின்றன. மாலை ஐந்தரைக்கு மேல், வெயில் சாய்ந்த பிறகுதான் அந்தக் கோபுரம் தன் கோடுகளைத் திரும்பப் பெறுகிறது.

அந்தக் காலத்தில் வேறு வழி தெரியவில்லை என்றும் சொல்ல முடியாது. அதற்குச் சற்று முன்னேதான், 1892-இல், ஹென்றி இர்வின் உயர் நீதிமன்றத்தைச் சிவப்புச் செங்கல்லில், இந்திய மாடங்களோடு கட்டி முடித்திருந்தார். அதற்கும் முன்னால் ராபர்ட் சிஷோம் சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தை இந்திய வடிவங்களைக் கலந்து எழுப்பிவிட்டார். இன்னும் பின்னே போனால், எழும்பூரில் 1821-இல் முடிந்த ஸ்காட்லாந்துக்காரர்களின் புனித ஆண்ட்ரூஸ் கோவில் இருக்கிறது. அதைக் கட்டிய தாமஸ் டி ஹாவிலண்டும் ஐரோப்பிய வடிவத்தைத்தான் எடுத்துக்கொண்டார். ஆனால் எழும்பூர் மண் இளகிய மண். அவர் என்ன செய்தார்? நம் ஊர்க் கிணறு வெட்டுகிறவர்களுடைய முறையைக் கைக்கொண்டு, ஏறக்குறைய 150 கிணறுகளை இறக்கி அவற்றின் மேல் அஸ்திவாரம் போட்டார். உள்ளே பளிங்கு போல மின்னுகிற தூண்கள் சென்னைச் சுண்ணாம்பின் சாமர்த்தியம். மேலே நீல வானமும் நட்சத்திரங்களுமாகக் குவிமாடம். வடிவம் வெளியூரிலிருந்து வந்தாலும் கட்டிய கை இந்த ஊரைக் கேட்டுக் கட்டியிருக்கிறது. மொத்தக் கட்டடமாகப் பார்த்தால், என் ரசனைக்குச் சாந்தோமைவிட எழும்பூர்க் கோவில் உயர்ந்தது. இதைச் சொல்லத் தயக்கமில்லை.

அப்படியானால் 1893-இல் ஆயர் ஏன் கோதிக்கைத் தேர்ந்தார்? ஒரு காரணத்தை ஊகிக்கலாம். நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் அரசாங்கத்தின் கட்டடங்கள். இந்த நாட்டு மன்னர்களுக்கு வாரிசு நான்தான் என்று காட்டிக்கொள்ள அரசாங்கத்துக்கு இந்திய மாடம் தேவைப்பட்டது. ஆயருக்கு அந்தக் கவலை இல்லை. கடலில் கட்டுமரம் தள்ளுகிற மீனவனுக்கும், ரோமிலிருந்து வருகிற யாத்திரிகனுக்கும், பார்த்த மாத்திரத்தில் இது மாதா கோவில் என்று தெரிய வேண்டும். உலகமெங்கும் அன்று அதற்குச் சங்கேதமாக இருந்தது கூம்பு. கலைக்கு இது போதுமான காரணமா என்பது வேறு விஷயம். பக்திக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

வெளியிலே இவ்வளவு குறை சொன்ன நான் உள்ளே போனதும் கொஞ்சம் அடங்கிப்போனேன். நீண்ட கூடம், உயர்ந்த கூரை, பீடத்துக்குப் பின்னால் ஜெர்மனியிலிருந்து வந்த வண்ணக் கண்ணாடி. உயிர்த்தெழுந்த ஏசுவின் முன்னால் தோமையார் நிற்கும் காட்சி அதிலே இருக்கிறது. மற்றவர்கள் கண்டதாகச் சொன்னதை நம்ப மறுத்து, காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் ஒப்புவேன் என்று நின்ற மனிதர் அவர். சீடர்களில் விமர்சகர் என்று அவரைச் சொல்லலாம். கண்ணாடி வெளிநாட்டுக் கண்ணாடிதான். ஆனால் இந்த மண்ணுக்கு வந்து இங்கேயே அடங்கியதாக மக்கள் நம்புகிற ஒருவருடைய கதையை அது சொல்கிறது. அதனால் அது இங்கே அந்நியமாகப் படவில்லை. பக்கத்திலே மயிலை மாதாவின் பழைய மரச் சிலை. 1545-இல் சில மாதங்கள் மயிலாப்பூரில் தங்கியிருந்த பிரான்சிஸ் சவேரியார் இதன் முன்னால் ஜெபித்தார் என்பது பங்கு மக்கள் சொல்கிற செய்தி. பூக்காரி ஒருத்தி கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்து, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, மாதாவிடம் ஏதோ கோபமாகப் பேசிக்கொண்டிருந்தாள். சொந்தக்காரியிடம்தான் அப்படிப் பேச முடியும்.

ஆனால் இந்தக் கோவிலின் உயிர் கூடத்தில் இல்லை. அதன் அடியில் இருக்கிறது. பின்பக்கமாகப் போய்ப் படியிறங்கினால் ஒரு சிறு நிலவறை. அங்கேதான் கல்லறை. அதிலும் இன்று இருப்பது பெரும்பாலும் வெறுமைதான். எலும்புகள் வெகு காலத்துக்கு முன்பே எடெஸ்ஸாவுக்குப் போய், பிறகு 1258-இல் இத்தாலியின் ஒர்தோனாவுக்குச் சேர்ந்ததாக வரலாறு சொல்கிறார்கள். மண்டகப்பட்டின் மூன்று கருவறைகளைப் பார்த்தபோது என்ன தோன்றியதோ அதேதான் இங்கேயும் தோன்றியது. உள்ளே பொருள் இருக்கிறதா இல்லையா என்பதைவிட, இந்த இடம் என்று ஒருவர் குறித்து வைத்ததுதான் முக்கியம் போலிருக்கிறது.

பவர் செய்த நல்ல காரியம் இங்கேதான் விளங்குகிறது. புதுக் கோவிலை அவர் தமக்குச் சௌகரியமான இடத்தில் ஆரம்பிக்கவில்லை. கல்லறையைக் கட்டடத்தின் நடுவில் வைத்து, நெடுங்கூடமும் குறுக்குக் கூடமும் அங்கே சந்திக்கும்படி வரைந்தார். அந்த இடத்துக்கு நேர் மேலே கூரையில் இன்னொரு சிறு கூம்பை நிறுத்தினார். சாலையில் போகிறவர்கள் முன்னால் இருக்கிற 155 அடிக் கோபுரத்தைத்தான் பார்க்கிறார்கள். படம் எடுக்கிறவர்களும் அதைத்தான் எடுக்கிறார்கள். பின்னால் இருக்கிற சின்னக் கூம்பை அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஆனால் அர்த்தமுள்ள கூம்பு அதுதான். பெரியது இங்கே கோவில் இருக்கிறது என்கிறது. சின்னது இந்தக் கோவில் ஏன் இருக்கிறது என்கிறது. பெரிய கூம்பு எந்த ஊரிலும் நிற்கலாம். சின்னக் கூம்பு வேறு எங்கேயும் நிற்க முடியாது.

எதையெல்லாம் விடலாம் என்று மகேந்திரனுக்குத் தெரிந்திருந்தது. எதை விடக்கூடாது என்று ரீட் டா சில்வாவுக்கும் பவருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு கட்டடங்களும் இந்தத் தெளிவினாலேதான் நிற்கின்றன.

ஆனால் நண்பருடைய கட்சிக்கு இதிலே ஆபத்து இருக்கிறது. நான் புகழ்கிற இந்தக் கட்டடமே ஒரு பழைய கோவிலை இடித்துவிட்டு வந்தது. முன்னூறு வருஷத்துக்கு மேல் ஜெபித்த சுவர்களை, விரோதிகள் அல்ல, அதே பங்கு மக்கள் எடுத்துவிட்டார்கள். அதற்கும் முந்திய கணக்கு ஒன்று இந்த மண்ணில் இருக்கிறது. கபாலீசுவரர் கோயில் முதலில் கடலோரத்தில்தான் இருந்தது என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். சாந்தோம் பக்கத்தில் பழைய தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. அது போர்ச்சுகீசியர் காலத்துத் துன்பக் கதை. இன்று அதை எடுத்துச் சண்டைக்குப் போவதும் மடமை; நடக்காதது போல் இருப்பதும் மடமை. ஒரு கட்டடத்தை ரசிக்கிறவன் அதற்காக எது போயிற்று என்பதையும் தெரிந்துகொண்டே ரசிக்க வேண்டும். 1893-இல் இடித்த கோவிலை நாம் இனிப் பார்க்க முடியாது. சின்னக் கூம்பு எவ்வளவு அர்த்தமுள்ளதாக இருந்தாலும் அந்த நஷ்டம் நஷ்டம்தான்.

திரும்பி வருகிற வழியில் பல்லாவரத்தில் இறங்கினோம். அங்கேயும் மகேந்திரன் குடைவித்த ஒரு கோயில் உண்டு. மண்டகப்பட்டைச் செய்த அதே அரசனுடைய வேலை. அது இப்போது ஒரு தர்கா. பட்டுத் துணியும் ஊதுவத்தி வாசனையுமாக இருக்கிறது. குழந்தைக்கு மந்திரிக்க வந்த தாய்மார்களில் எல்லா மதத்தாரும் இருந்தார்கள். கலை ரசிகனுக்கு வருத்தம் உண்டு. பழைய தூண்களின் மேல் பூச்சு ஏறியிருக்கிறது. அரசனுடைய கல் சரியாகக் கண்ணுக்குத் தெரியவில்லை. மண்டகப்பட்டிலோ ஒரு கீறல் இல்லாமல் தொல்லியல் துறை காக்கிறது. நாங்கள் இருந்த ஒரு மணி நேரத்தில் அங்கே வந்தவர் ஆடு தேடி வந்த ஒரு பையன் மட்டும்தான். நன்றாகக் காப்பாற்றப்பட்டு மௌனமாக இருப்பதா, கொஞ்சம் சிதைந்து உயிரோடு இருப்பதா? இரண்டில் ஒன்றைச் சொல் என்றால் எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே அரசனுடைய பிள்ளைகள்.

பஸ்ஸில் நண்பர் வெகு நேரம் பேசவில்லை. திண்டிவனம் தாண்டியதும், "அப்ப இடிக்கச் சொல்றீங்களா?" என்றார்.

இல்லை என்றேன். இடிக்காதீர்கள் என்று மட்டும் எழுதித் தரமாட்டேன் என்றும் சொன்னேன். வெயிலில் நிற்கிற பாதிப் பேருக்கு அது பதில் ஆகாது. ஆனால் அந்த வரைபடத்தைப் பற்றி எழுதித் தருகிறேன். அது சாந்தோம் மாதிரி இல்லை. சாந்தோமின் பெரிய கூம்பைப் பார்த்து எழுதிய நகல் அது. அதுவும் ஒன்றுக்கு இரண்டாக. சின்னக் கூம்பு அதில் கிடையாது. அந்த ஊர்க் கோவிலில் விடக்கூடாதது எது என்று வரைந்த இளைஞர் யாரையும் கேட்கவில்லை; ஊரும் சொல்லவில்லை. சென்னையில் 1896-லேயே பொருந்தாமல் போன வெள்ளைக் கூசலை நம் செம்மண் வெயிலில் கான்கிரீட்டால் மறுபடி செய்து, உள்ளே இருபது மின்விசிறி மாட்டப் போகிறார்கள். இருக்கிற கோவிலின் குளுமை யாருடைய கணக்கிலும் வரவில்லை.

"கூட்டத்துல ஒரே ஒரு கேள்வி கேளுங்க. எதை விடப் போறோம்னு வரைபடத்துல இருக்கு. எதை விடமாட்டோம்னு எங்கே இருக்கு? அதை முதல்ல எழுதுங்க, அப்புறம் செங்கல் வாங்கலாம்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "எங்க கோவில்ல விடக்கூடாதது எதுன்னு என்னைக் கேட்டா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். பிறகு, "எங்க அம்மா கல்யாணம் அங்கதான். மேற்குப் பக்கத்து நிலைக் கதவு. அந்த வாசப்படியில உக்காந்துதான் கிழவிங்க எல்லாம் செபமாலை சொல்லுவாங்க. வெயில் நேரத்துல அங்க மட்டும் காத்து வரும்" என்றார்.

அதைத்தான் கூட்டத்தில் சொல்லுங்கள் என்றேன். என் கட்டுரையைவிட அது நல்ல விமர்சனம்.